கத்துக்குட்டிக்கு ஒரு குட்டி விமானம் - 1871 பாரிஸ் முதல் கெடார் வயல் வரை

விழுப்புரம் பக்கத்தில் இருக்கும் கெடார் மாதிரியான ஊர்களில் தை மாதம் நெல் அறுப்பு முடிந்ததும் கழனி எல்லாம் காலியாகிவிடும். அறுத்த தாள் மட்டும் நிற்கும். குறுக்கும் நெடுக்குமாக வரப்பு, தூரத்தில் பனை மரங்கள். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஆடுவார்கள், காற்றாடி விடுகிறவர்கள் விடுவார்கள். இந்த இடத்தில் ரிமோட்டில் ஓடும் ஒரு சின்ன பேட்டரி விமானத்தைப் பறக்கவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு பையனுக்கு ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் சேர்த்து வைத்த சில ஆயிரம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்குவது?

பெரும்பாலான பையன்கள் பார்க்க எது ஜோராக இருக்கிறதோ அதைத்தான் வாங்குவார்கள். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் அல்லது மஸ்டாங். இல்லையென்றால் ஜெட். வாங்கிய மறுநாள் காலை வயலுக்கு எடுத்துப்போய், மோட்டாரை முழு வேகத்தில் விட்டு, கையால் வீசுவார்கள். பத்து வினாடி. ஒரு பக்கமாகச் சாயும், திருத்துவதற்குள் இன்னும் சாயும், மூக்கு குத்தி வரப்பில் விழும். பணமும் போச்சு, ஆசையும் போச்சு. அந்தப் பொழுதுபோக்கே அதோடு முடிந்துவிடும். "நமக்கு இதெல்லாம் வராது" என்று பெட்டியைப் பரண் மேல் போட்டுவிடுவார்கள்.

வராதது பையனுக்கு அல்ல, அந்த விமானத்துக்கு. அது ஏன் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால் ஒரு 150 வருடம்!

ஓட்ட ஆளே இல்லாமல் பறந்த விமானம்

1871 ஆகஸ்டில் பாரிஸ் நகரத்தின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற 21 வயது இளைஞர் ஒரு பொம்மை விமானத்தைப் பறக்கவிட்டார். பார்க்க விமானவியல் சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். விமானத்தின் எடை 16 கிராம்தான். இறக்கையின் நீளம் ஒன்றரை அடி. சக்தி கொடுத்தது முறுக்கிய ரப்பர். அது 11 வினாடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் பறந்து, தானாகவே தரை இறங்கியது. பெனோ அதற்கு வைத்த பெயர் பிளானோஃபோர்.

40 மீட்டர் என்பது பெரிய தூரமா என்று கேட்கலாம். தூரம் முக்கியமில்லை. அதற்கு முன்னால் சக்தியோடு பறக்க முயன்ற மாதிரிகள் எல்லாம் கொஞ்ச தூரம் போனதும் குப்புற விழும், அல்லது மூக்கைத் தூக்கி நின்று பின்னால் சரியும். பெனோவின் விமானம் காற்றில் தடுமாறினாலும் தானே சரிசெய்துகொண்டது. உள்ளே ஆள் இல்லை, கீழே ரிமோட் இல்லை. ரைட் சகோதரர்கள் பறந்த 1903-க்கு 32 வருடம் முன்னால் இது நடந்தது.

எப்படிச் சரிசெய்துகொண்டது? அதில் இரண்டு சங்கதிகள் இருந்தன. முதலாவது, இறக்கையின் இரண்டு நுனிகளும் மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒருவர் இரண்டு கைகளையும் விரித்து, விரல் நுனியை மட்டும் லேசாக மேலே தூக்கியது போல. இதை டைஹீட்ரல் என்பார்கள். விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமாகக் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போகும். அப்போது தாழ்ந்திருக்கும் இடது இறக்கைக்குக் காற்று கூடுதலான கோணத்தில் வந்து மோதும், அது அந்த இறக்கையைத் தூக்கிவிடும். சாய்வு நிமிர்ந்துவிடும். இரண்டாவது, பின்னால் இருந்த சிறிய வால் இறக்கை, முன் இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் இருந்தது. மூக்கு தாழ்ந்து வேகம் கூடினால் வால் அழுந்தி மூக்கு எழும். மூக்கு எழுந்து வேகம் குறைந்தால் வாலின் அழுத்தம் குறைந்து மூக்கு தாழும். தராசு மாதிரி.

இன்னொன்றையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பிளானோஃபோரின் விசிறி மூக்கில் இல்லை, பின்னால் இருந்தது. இது பிறகு தேவைப்படும்.

பெனோவின் கதை சோகமானது. இடுப்பு எலும்பு நோயால் கடற்படைக் கனவு போனது. 1876-ல் ஆள் ஏறிப் பறக்கும் விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார், அதைக் கட்டப் பணம் கொடுக்க யாரும் வரவில்லை. 1880-ல், 30 வயதில் தற்கொலை செய்துகொண்டார். ஆனால் அவருடைய ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மையின் வகை ஒன்றை 1878-ல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார் தன் பிள்ளைகளுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகளின் பெயர் வில்பர், ஆர்வில். மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ரேடியோ வந்தது, ஆனால் யோசனை சொல்ல மட்டும்

அடுத்த முக்கியமான வருடம் 1937. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் எட்டடி இறக்கை கொண்ட ஒரு பெட்ரோல் மாதிரி விமானத்தில் ரேடியோவை வைத்துப் பறக்கவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கஃப்'. ரேடியோ கட்டுப்பாட்டில் வெற்றிகரமாகப் பறந்த ஆரம்பகால மாதிரி விமானங்களில் இதுதான் பேர் பெற்றது. 1960-ல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

கஃப் விமானத்தின் படத்தைப் பார்த்தால் பெனோவின் வாரிசு என்று தெரியும். இறக்கை உடம்புக்கு மேலே உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் மேல்நோக்கிய சாய்வு, பெரிய வால். காரணம் இருக்கிறது. அந்தக் கால ரேடியோவில் வால்வுகள், கனமான பேட்டரி, எப்போது வேலை செய்யும் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. அதை நம்பி விமானத்தை ஒப்படைக்க முடியாது. ஆகவே தானாகவே பறக்கும் விமானத்தை முதலில் செய்தார்கள், அதற்கு ரேடியோ மூலம் அவ்வப்போது "கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது" என்று யோசனை சொன்னார்கள். ரேடியோ சும்மா இருந்தால் விமானம் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கத்துக்குட்டிக்கு வேண்டியதும் இதுதான். பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாலும் விழாமல் போய்க்கொண்டிருக்கிற விமானம். ஆனால் ரேடியோ நன்றாக ஆக ஆக, விமானம் தானாகப் பறக்க வேண்டிய அவசியம் குறைந்தது. இறக்கைகள் தட்டையாகின, உடம்புக்குக் கீழே இறங்கின, ஏலரான் வந்தது. குட்டிக்கரணம் போடலாம், தலைகீழாகப் பறக்கலாம். தேர்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம். கத்துக்குட்டிக்குத் திண்டாட்டம்.

நம் ஊருக்கு எப்படி வந்தது?

இந்தியாவில் மாணவர்களுக்கு மாதிரி விமானத்தை அறிமுகப்படுத்தியதில் பெரிய பங்கு என்.சி.சி.யுடையது. 1948-ல் தொடங்கிய என்.சி.சி.யில் விமானப் பிரிவு 1950-ல் வந்தது. ஏரோமாடலிங் அதன் பயிற்சியில் ஒரு பகுதி. அதில் வெகுகாலமாகச் செல்வாக்கோடு இருந்தது 'கன்ட்ரோல் லைன்' வகை. விமானத்தை இரண்டு மெல்லிய கம்பிகளால் கைப்பிடியோடு கட்டி, நடுவில் நின்றுகொண்டு வட்டமாகச் சுற்ற விடுவது. ரேடியோ தேவையில்லை என்பதால் செலவு குறைவு. (ஓட்டுகிறவரும் கூடவே சுற்ற வேண்டும், தலை சுற்றிக் கீழே விழாமல் இருப்பதே ஒரு தனி வித்தை!)

தமிழ்நாட்டில் இன்னொரு மையம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய இந்தக் கல்லூரியில் ஆரம்பத்திலிருந்தே விமானவியல் படிப்பு இருந்தது. அப்துல் கலாம் படித்தது இங்கேதான். பிற்காலத்தில் இங்கிருந்து கிளம்பிய 'தக்ஷா' ஆளில்லா விமானக் குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. நடிகர் அஜித் குமார் அந்தக் குழுவுக்கு ஆலோசகராக இருந்ததால் ஊரெல்லாம் தெரிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா விழாவிலும் மாதிரி விமானப் போட்டிகள் நடந்திருக்கின்றன.

ஆனால் இதெல்லாம் சென்னைக் கதை, கல்லூரிக் கதை. கெடார் பையனுக்கு என்ன வழி? 1990-கள் வரை வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரேடியோ விமானம் என்றால் க்ளோ இன்ஜின். எரிபொருள் பங்க்கில் கிடைக்காது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும், வசதி இருந்தால் நைட்ரோமீத்தேனும் கலக்க வேண்டும். உடம்புக்குப் பால்சா மரம், அது தென் அமெரிக்கச் சரக்கு. ரேடியோவும் வெளிநாட்டுச் சரக்கு. இன்ஜின் சத்தத்துக்குத் தெருவே கூடிவிடும். விமானம் பெரிதாக இருப்பதால் ஓடி எழும்பச் சமமான தரையும் வேண்டும். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று வெகுகாலமாகச் சும்மா கிடக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும் (பழைய விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம்). அதற்காக ஒவ்வொரு ஊர்ப் பையனுக்கும் ஒரு ஓடுதளம் கிடைக்குமா?

வணிகவியல் பாஷையில் சொன்னால், க்ளோ விமானத்தில் முதலீட்டுச் செலவும் அதிகம், நடப்புச் செலவும் அதிகம், ஒரே விபத்தில் சொத்து முழுவதும் நஷ்டக் கணக்கில் போய்விடும்.

மின்சாரம் ஏன் இவ்வளவு தாமதமாக வந்தது?

மின்சார மோட்டார் சத்தம் போடாது, எண்ணெய் துப்பாது, ஒரு ஸ்விட்சில் ஓடும். இவ்வளவு நல்ல குணம் இருந்தும் அது ஏன் முதலிலேயே வரவில்லை? வந்தது. ஆனால் தூக்க முடியவில்லை.

1957 ஜூன் 30-ல் இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மாதிரி விமானத்தை மின்சார மோட்டாரில் பறக்கவிட்டார். ரேடியோ கட்டுப்பாட்டில் மின்சாரத்தால் பறந்ததாகப் பதிவான முதல் விமானம் இதுதான். அதில் வைத்தது வெள்ளி-துத்தநாக பேட்டரி. வெள்ளி! பையன்கள் வாங்கும் சமாச்சாரமா அது?

ஜெர்மனியில் ஃப்ரெட் மிலிட்கி என்பவர் இதே பைத்தியமாக இருந்தார். ஃப்ரிட்ஸ் ஃபௌல்ஹாபர் வடிவமைத்த, இரும்பு மையம் இல்லாத இலேசான மோட்டார் அவருக்குக் கைகொடுத்தது. 1960 வாக்கில் கிரௌப்னர் கம்பெனி அவருடைய 'சைலன்டியஸ்' விமானத்தைக் கடைகளில் விற்றது. ரேடியோ கிடையாது, பெனோவுடையது போலத் தானாகப் பறக்கும் வகை. மிலிட்கி அதோடு நிற்கவில்லை. 1973 அக்டோபர் 21-ல் ஆஸ்திரியாவில் எம்.பி.-இ1 என்ற நிஜ விமானம் ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு பேட்டரியில் சில நிமிடங்கள் பறந்தது. ஓட்டியவர் ஹைனோ பிர்டிட்ஷ்கா. பின்னணியில் இருந்தவர் மிலிட்கி. பொம்மையில் ஆரம்பித்து நிஜ விமானத்தில் முடித்த மனிதர்.

ஆனால் 1970-களிலிருந்து 1990-கள் வரை கிடைத்த பேட்டரி நிக்கல்-காட்மியம். அதன் எடைதான் எதிரி. ஒரு சின்ன கணக்கைப் பாருங்கள். 1990-களில் சின்ன விமானங்களில் வைத்த எட்டு செல் நிக்கல்-காட்மியம் பேட்டரி, 9.6 வோல்ட், 600 மில்லி ஆம்பியர் மணி. அதில் இருக்கும் ஆற்றல் 5.8 வாட் மணி, எடை 150 கிராமை ஒட்டி. இப்போது கிடைக்கும் மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 11.1 வோல்ட், 1300 மில்லி ஆம்பியர் மணி. அதில் 14.4 வாட் மணி, எடை ஏறக்குறைய 110 கிராம். எடைக்கு எடை பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல்.

எடை கூடினால் என்ன ஆகும்? இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இறக்கை கொடுக்கும் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே இறக்கையில் எடை இரண்டு மடங்கானால், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 1.4 மடங்காகும். வேகம் கூடினால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறையும். மோதினால்? எடை இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கம் இரண்டு மடங்கு, ஆக அடி நான்கு மடங்கு. இலேசான விமானம் மெதுவாகப் பறக்கும், மெதுவாக விழும், விழுந்தாலும் பிழைக்கும். கனமான விமானம் கற்றுக்கொள்ள நேரமும் தராது, இரண்டாவது வாய்ப்பும் தராது.

அதனால்தான் 20-ம் நூற்றாண்டு முடியும்வரை "சின்னது, மின்சாரம், எளிது" என்ற மூன்றும் ஒன்றாகச் சேரவே இல்லை. மின்சார விமானம் கனமாக இருந்தது, கனமாக இருந்ததால் வேகமாகப் பறக்க வேண்டியிருந்தது, வேகமாகப் பறந்ததால் பழகியவர்கள் கையில்தான் பிழைத்தது.

செல்போனும் சி.டி. டிரைவும் செய்த உபகாரம்

2000-த்தை ஒட்டிய சில வருடங்களில் எல்லாம் மாறியது. விமானக் கம்பெனிகள் மாற்றவில்லை என்பதுதான் வேடிக்கை. 1999-ல் எரிக்சன் டி28 செல்போனில் லித்தியம் பாலிமர் பேட்டரி வந்தது. அடுத்த சில வருடங்களில் அது மாதிரி விமானத்துக்கு வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டர் சி.டி. டிரைவைச் சுழற்றும் மோட்டாரைப் பிரித்து, புதிதாகக் கம்பி சுற்றி, வலுவான நியோடிமியம் காந்தம் ஒட்டி விமானத்தில் பொருத்தினார்கள் சில ஆர்வலர்கள். கூடு சுழலும் பிரஷ்லெஸ் மோட்டார் இப்படித்தான் பொழுதுபோக்குக்காரர்கள் மேஜையில் பிரபலமானது. மெதுவாகச் சுழன்று பெரிய விசிறியைத் திருப்பும், பல்சக்கரம் தேவையில்லை. பால்சா மரத்துக்குப் பதில் பொட்டலம் கட்டும் நுரைப் பொருள் வந்தது.

இந்தச் சேர்க்கையில் பிறந்ததில் இரண்டு விமானங்களை எல்லோரும் சொல்வார்கள். ஒன்று தைவானின் ஜி.டபிள்யூ.எஸ். கம்பெனியின் ஸ்லோ ஸ்டிக். பெயரே போதும்: மெதுவான குச்சி! ஒரு அலுமினியக் குச்சி, அதன் மேல் 118 சென்டிமீட்டர் நீளத்தில் வளைந்த நுரை இறக்கை, பின்னால் வால். மொத்த எடை அரைக் கிலோவுக்கும் குறைவு. அழகு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. கூடவே ஓடினால் பிடித்துவிடலாம் போலப் பறக்கும்.

இன்னொன்று ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் கம்பெனியின் ஈஸி ஸ்டார். இறக்கை சுமார் 137 சென்டிமீட்டர், மேல்நோக்கிய சாய்வோடு. ஏலரான் கிடையாது. திருப்ப ரட்டர், ஏற்றி இறக்க எலிவேட்டர், பிறகு மோட்டார், அவ்வளவுதான். மோட்டார் மூக்கில் இல்லை. இறக்கைக்குப் பின்னால், உடம்புக்கு மேலே, விசிறி பின்பக்கம் பார்த்திருக்கும். மூக்கு குத்தி விழுந்தால் அடி வாங்குவது வெறும் நுரை. விசிறியும் மோட்டாரும் தப்பிவிடும். பெனோவின் பின்விசிறி ஞாபகம் வருகிறதா? இதன் நுரையை ஃபெவிக்விக் மாதிரியான பசையால் ஒட்டலாம், கரையாது. (சாதாரண தெர்மக்கோலில் அதே பசையை விட்டால் ஓட்டை விழும். விமானத்தை ஒட்டப்போய் இருந்த இறக்கையையும் இழந்தவர்கள் உண்டு!) ஐந்து நிமிடத்தில் ஒட்டி மறுபடி வீசலாம்.

முதலீடு, நடப்புச் செலவு கணக்கை இப்போது போட்டுப் பார்த்தால் தலைகீழாக இருக்கும். பேட்டரி, சார்ஜர், ரேடியோ ஒருமுறை வாங்குவது. அதற்குப்பிறகு ஒரு பறப்புக்கு ஆகும் மின்சாரம் பைசாக் கணக்கு. விபத்து என்றால் பசைக் குழாய் ஒன்று. ஆகவே விலைச்சீட்டில் இருக்கும் தொகையைவிட, பத்துத் தடவை விழுந்த பிறகு மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதுதான் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு. ஜோரான போர் விமானம் இந்தக் கணக்கில்தான் தோற்கும். சின்ன ஒல்லி இறக்கை, தட்டையான அமைப்பு, மூக்கில் விசிறி. விழும்போதெல்லாம் விசிறி, மோட்டார் தண்டு, மூக்கு என்று மூன்றும் போகும்.

ரேடியோவிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு கிரிஸ்டல், ஒரு அலைவரிசை. அதே அலைவரிசையில் இன்னொருவர் ஸ்விட்சைப் போட்டால் மேலே இருக்கும் விமானம் அந்த நிமிடமே அனாதை. யார் எந்த அலைவரிசை என்று மைதானத்தில் பலகை வைத்துக் குறிப்பார்கள். 2005, 2006 வாக்கில் ஸ்பெக்ட்ரம் கம்பெனியின் டி.எக்ஸ்.6 போன்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து இந்தத் தலைவலியைத் தீர்த்தன. இந்தியாவில் அதே 2005 ஜனவரியில்தான் குறைந்த சக்தியில் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு விதி வந்தது. வை-ஃபைக்காகத் திறந்த கதவு, கெடார் பையனுக்கும் திறந்தது.

கைரோ வந்தால் போதுமா?

2010-களில் செல்போன் திரையைத் திருப்புவதற்காகக் கோடிக்கணக்கில் செய்த சின்னஞ்சிறு உணரிகள் மலிவாகி விமானத்துக்குள் வந்தன. விமானம் சாய்ந்தால் கைரோ அதை உணர்ந்து தானே நிமிர்த்திவிடும். பயந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்று விளம்பரம். இறக்கை 40 சென்டிமீட்டர்தான் இருக்கும் குட்டிப் போர் விமானங்களைக்கூட "ஆரம்பநிலையாளருக்கு" என்று விற்கிறார்கள்.

பொய் என்று சொல்ல முடியாது. காற்றில்லாத காலையில் அவை நன்றாகத்தான் பறக்கும். ஆனால் கைரோவால் எடையைக் குறைக்க முடியாது, இறக்கையைப் பெரிதாக்க முடியாது. வேகம் குறைந்து தூக்குவிசை போய்விட்டால் எந்த மூளையும் அதைத் தாங்கிப் பிடிக்காது. பேட்டரி தீரும் நேரத்தில் நிதானமாக மிதந்து வந்து இறங்குவது இறக்கையின் வேலை. பெனோ இறக்கையை வளைத்துச் செய்ததைச் செலவில்லாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் கைரோவும் இருந்தால் நல்லது. இறக்கையில் இல்லாததைக் கைரோவில் வாங்குவது வட்டிக்குக் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துகிற மாதிரி.

கெடார் பக்கத்துக்கென்று சில கணக்குகள் தனி. மதியத்துக்கு மேல் கிழக்கே கடற்காற்று எழும்பி வரும், 100 கிராம் விமானத்தைப் பஞ்சு மாதிரி அடித்துக்கொண்டு போகும். ஆகவே ரொம்பக் குட்டியும் ஆகாது. ஒரு மீட்டருக்கு மேல் இறக்கை, அரைக் கிலோவை ஒட்டிய எடை, இது இந்த வெளிக்குச் சரிப்படும். சூரியன் ஏறுவதற்கு முன்னால் காற்று அடங்கியிருக்கும் நேரமே நேரம். கரும்புத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகக்கூடாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கரும்புக்குள் விழுந்த விமானத்தைத் தேடுவதற்குள் சோகை கையைக் கிழித்துவிடும். மல்லாட்டைக் கொல்லையில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் செடியை மிதித்ததற்குக் கொல்லைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பனை மரத்தில் மாட்டினால் மரம் ஏறத் தெரிந்தவரைத் தேட வேண்டும். மின்கம்பியில் மாட்டினால் யாரும் ஏறக்கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு விமானத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

லித்தியம் பேட்டரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினால் அது உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். அதற்கென்று உள்ள சார்ஜரில்தான் ஏற்ற வேண்டும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது. சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் பூட்டி வைக்கவும் கூடாது. கூரை வீடாக இருந்தால் வெளியே, மண் தரையில் வைத்து ஏற்றுவதே நல்லது.

சட்டமும் இந்தக் கதையில் புகுந்திருக்கிறது. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆளில்லா விமானங்களைத் தனியார் பறக்கவிடக் கூடாது என்று அறிவித்தது. டிரோனுக்கும் பொம்மை விமானத்துக்கும் வித்தியாசம் என்ன என்று பல வருடம் குழப்பம். 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் எடையை வைத்துப் பிரித்தன: 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கும், தொழில் நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் விமானி உரிமம் தேவையில்லை என்றது அந்த விதி. எங்கே பறக்கலாம் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடம் உண்டு. எடுத்துப்போகும் முன் அந்த வரைபடத்தில் தன் ஊரை ஒருமுறை பார்த்துக்கொள்வது பிள்ளைக்கும் நல்லது, பிள்ளையைப் பெற்றவருக்கும் நல்லது.

சரி, அந்தப் பையன் இப்போது ஈஸி ஸ்டார் வகையில் ஒன்றை வாங்கிவிட்டான். அசலோ, அதே அமைப்பில் பின்னால் வந்த மலிவு நகல்களில் ஒன்றோ, எதுவானாலும் பரவாயில்லை. விடியற்காலை கழனிக்கு வந்தாயிற்று. முதல் வேலை மோட்டாரை ஓட்டுவது அல்ல. பேட்டரியை வைத்து எடை நடுவாக இருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் இரண்டு விரலால் தாங்கிப் பார்க்க வேண்டும். பிறகு காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, மோட்டாரை ஓட்டாமல், தோள் உயரத்திலிருந்து சமமாகத் தள்ளிவிட வேண்டும். மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் மூக்கில் கொஞ்சம் எடை சேர்க்க வேண்டும், குத்திக்கொண்டு போனால் எடையைக் கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் தூரம் தானாக மிதந்து தாளின் மேல் வயிற்றை வைத்து இறங்கும்வரை திரும்பத் திரும்ப இதையே செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் மோட்டார்.